செம்பனை உதிர்ந்தால் காடு ஏன் மெலிகிறது?

நெகிரி செம்பிலானில், பகாவிலிருந்து சிம்பாங் பெர்த்தாங் பக்கம் போகிறவர்களுக்கு வழியெல்லாம் செம்பனைதான் துணை. ஃபெல்டா நிலங்களும் பழைய தோட்டங்களும் மாறி மாறி வரும். அந்தச் செம்பனைப் பரப்பை ஒட்டி ஒரு பழங்காடு இன்னும் நிற்கிறது. பாசோ வனக் காப்பகம் என்று பெயர். மூன்று பக்கமும் செம்பனை சூழ்ந்த அந்தக் காடு சுமார் 2,450 ஹெக்டேர்தான். ஆனால் உலகத்திலேயே மிக நுணுக்கமாக எண்ணப்பட்ட காடுகளில் அதுவும் ஒன்று. 1980களின் நடுவில் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வு நிலையத்தினர், அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் துணையோடு காட்டுக்குள் 50 ஹெக்டேரை அளந்து பிரித்தார்கள். தண்டு 1 செ.மீ. தடிமன் இருந்தாலே போதும், அதற்கு ஓர் எண் தகடு. எண்ணி முடித்தபோது 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள், 800-க்கும் மேற்பட்ட இனங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பவும் போய் அத்தனையையும் எண்ணுகிறார்கள்.

அப்படி எண்ணிக்கொண்டே வந்ததில் ஒன்று உறுத்தியது. பெரிய மரங்கள் அப்படியே நிற்க, கன்றுகள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன. காப்பகத்துக்குள் கோடரி விழவில்லை, தீயும் பிடிக்கவில்லை. இருந்தும் 24 ஆண்டுகளில் கன்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு சரிந்துவிட்டது என்று மேத்யூ லஸ்கினும் அவருடைய குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. காட்டுக்குள் நடந்த இந்தச் சரிவின் வேர், வேலிக்கு வெளியே செம்பனை மரத்தடியில் உதிரிப்பழமாகக் கிடந்தது.

இடையில் இருப்பது காட்டுப்பன்றி. செம்பனை ஆண்டு முழுவதும் குலை தள்ளும். பழம் உதிர்ந்துகொண்டே இருக்கும். இரவில் பன்றிகள் தோட்டத்துக்குள் இறங்கி வயிறு நிறையத் தின்னும். விடியுமுன் காட்டுக்குத் திரும்பும். பாசோவில் புலி இல்லாமல் போய்விட்டது. சுற்றியுள்ள கம்பங்களில் பன்றியை வேட்டையாடித் தின்பவர்கள் குறைவு. எனவே பன்றி பெருகியது. 1996-இல் கேலன் இக்ஸ் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்தபோது பாசோவில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள். இப்படிப்பட்ட மழைக்காட்டுக்கு அது நம்ப முடியாத கூட்டம்.

பன்றி கன்றைத் தின்பதால்தான் காடு மெலிகிறது என்று நினைக்கத் தோன்றும். பெரிய சேதம் வேறு இடத்திலிருந்து வந்தது. குட்டி போடும் முன் தாய்ப்பன்றி கூடு கட்டும். அதற்காகச் சுற்றிலும் உள்ள இளங்கன்றுகளை வாயால் ஒடித்தும் பிடுங்கியும் குவித்து, அந்தக் குவியலுக்குள் படுத்து ஈனும். ஒரு கூட்டுக்கே நூற்றுக்கணக்கான கன்றுகள் போகும். தோட்ட ஓரத்தில் ஈனுவதும் இல்லை; தோட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, ஆள் நடமாட்டமில்லாத நடுக்காட்டைத் தேடிப் போகும். அதனால்தான் தோட்டத்தின் தாக்கம் காட்டின் விளிம்போடு நிற்காமல் நெஞ்சு வரை போயிற்று.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. இக்ஸும், வன ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த அறிவியலாளர் எஸ். அப்பனாவும் மற்றொருவரும் காட்டின் சில துண்டுகளைப் பன்றி நுழையாதபடி வேலி போட்டு அடைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், வேலிக்குள் புதிதாக முளைத்து நின்ற மரக்கன்றுகள் வெளியில் இருந்தவற்றைப்போல மூன்று மடங்கு.

காட்டை ஆராய்பவரிடம் போனால் செம்பனை விளைச்சல் அவர் பார்வையில் இருக்காது. தோட்ட நிர்வாகியிடம் போனால் நடுக்காட்டுக் கன்று அவர் கணக்கில் வராது. பன்றி நிபுணர் பன்றியோடு நின்றுவிடுவார். மூவரும் தத்தம் பகுதியைத் தவறின்றி அறிந்திருந்தாலும், பழத்திலிருந்து கன்று வரை ஓடும் இழை யார் கண்ணிலும் படாது. இப்படிப்பட்ட இழைகளைத் தேடிப் பிடித்து, எவ்வளவு வலுவானவை, எவ்வளவு காலம் கழித்து விளைவைக் காட்டுகின்றன என்று அளப்பதற்கென்றே ஓர் அறிவியல் வளர்ந்திருக்கிறது. அதைச் சிக்கல் அமைப்புகளின் அறிவியல் என்பார்கள்.

வாரன் வீவர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1948-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு நல்ல வரையறை இருக்கிறது. அறிவியல் சந்திக்கும் கேள்விகளை அவர் மூன்றாகப் பிரித்தார். இரண்டு மூன்று காரணிகளே உள்ளவை முதல் வகை: கல்லை எறிந்தால் எங்கே விழும் என்பது போல. கோடிக்கணக்கான துகள்கள் தறிகெட்டு மோதுபவை இரண்டாம் வகை. குடுவைக்குள் அடைத்த காற்றில் தனி மூலக்கூறு எங்கே என்று சொல்ல முடியாது. சராசரி அழுத்தத்தைத் துல்லியமாகச் சொல்லலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் வாழ்க்கையின் பெரும்பகுதி கிடக்கிறது என்றார் வீவர். ஐம்பதோ ஐந்நூறோ உறுப்புகள். ஒன்றையொன்று பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்கிறவை. சராசரி போட்டால் உண்மை தொலைந்துவிடும், தனித்தனியாகப் பிரித்தாலும் தொலைந்துவிடும். காடு, சந்தை, நோய், நகரப் போக்குவரத்து எல்லாம் இந்த நடுப் பகுதியைச் சேர்ந்தவை.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பாகங்கள் நிறைய இருந்துவிட்டால் அது சிக்கல் அமைப்பாகிவிடாது. செம்பனை ஆலைக்குள் கொதிகலன், ஆவியில் வேக வைக்கும் கலன், பிழியும் எந்திரம் என்று ஆயிரம் உறுப்புகள் உண்டு. ஆனால் பிழியும் எந்திரம் பழுதானதைப் பார்த்துக் கொதிகலன் தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை. பிரித்துக் கழுவி மறுபடி பூட்டினால் பழையபடி ஓடும். காட்டைப் பிரித்துப் பூட்ட முடியாது.

“எல்லாம் எல்லாவற்றோடும் பின்னியிருக்கிறது” என்று சிலர் இந்த அறிவியலை ஒரு வேதாந்த வாக்கியமாகச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லா இணைப்பும் ஒரே வலுவில் இருந்தால் ஆராய்வதற்கு ஒன்றுமே இராது. பாசோவில் 800 மர இனங்கள், எண்ணற்ற பூச்சிகள், பறவைகள். அவற்றுள் கன்றுகளின் தலையெழுத்தை மாற்றியது குறிப்பிட்ட இரண்டு மூன்று கண்ணிகள்தான். எந்தக் கண்ணி என்று காட்டுவதில்தான் உழைப்பு இருக்கிறது.

அந்தக் கண்ணிகள் ஏன் அவ்வளவு வலுவாயின என்பதற்குள் இன்னொரு அழகான கதை உண்டு. மெராந்தி, கெருயிங் போன்ற இம்மண்ணின் பெருமரங்கள் வருடாவருடம் பூப்பதில்லை. பல ஆண்டுகள் சும்மா நிற்கும். பிறகு ஓர் ஆண்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் பல இன மரங்கள் சில மாத இடைவெளிக்குள் பூத்துத் தள்ளும். கட்டளையிட யாரும் இல்லை. பீட்டர் ஆஷ்டன், தாமஸ் கிவ்னிஷ், மேலே சொன்ன அப்பனா மூவரும் 1988-இல் ஒரு விளக்கம் தந்தார்கள்: எல் நினோ காலங்களில் இரவு வெப்பநிலை வழக்கத்தைவிட சுமார் 2 டிகிரி இறங்கிச் சில இரவுகள் நீடித்தால் அதுவே மரங்களுக்குச் சைகை. வறட்சியும் சேர வேண்டும் என்று பின்வந்த ஆய்வுகள் திருத்தின. பூத்த பிறகு மகரந்தம் சுமக்க ஆள் வேண்டுமே? பாசோவில் அந்த வேலையைச் செய்வது கண்ணுக்கு எளிதில் தெரியாத இலைப்பேன்கள் என்று எச்.டி. சான், அப்பனா இருவரும் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டார்கள். சில நாட்களிலேயே ஒரு தலைமுறை முடிந்துவிடும் பூச்சி அது. முதலில் மொட்டு விடும் மெராந்தியில் பெருகத் தொடங்கி, அடுத்தடுத்துப் பூக்கும் மெராந்தி இனங்களுக்கு லட்சக்கணக்கில் தயாராகிவிடும்.

இத்தனை ஆண்டுக் காத்திருப்பால் மரத்துக்கு என்ன லாபம்? விதை தின்னிகளைப் பட்டினி போடுவது. பூக்காத ஆண்டுகளில் பன்றியும் அணிலும் வண்டும் உணவின்றித் தேயும். பிறகு ஒரே மூச்சில் விதை கொட்டும்போது தின்றது போக மிச்சம் முளைக்கும். யாரும் வகுக்காத திட்டம். தனித்தனி மரத்தின் சின்னச் சின்ன விதிகளிலிருந்து முழுக் காட்டுக்கும் ஒரு தாளம் பிறக்கிறது. தனி உறுப்பில் இல்லாத குணம் கூட்டத்தில் தோன்றுவதைத்தான் இத்துறையினர் மேலெழுதல் என்கிறார்கள். இயற்பியலாளர் ஃபிலிப் ஆண்டர்சன் 1972-இல் இதை வைத்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். எண்ணிக்கை கூடும்போது குணமே மாறிவிடும் என்பது அதன் சாரம்.

இப்போது செம்பனையைச் சேர்த்துப் பாருங்கள். மரங்கள் பட்டினி போட்ட ஆண்டுகளில் வேலிக்கு அப்பால் விருந்து நடக்கிறது. பன்றி தேயவே இல்லை. காட்டின் தாளம் மாறவில்லை, ஆனால் அந்தத் தாளத்துக்கு இருந்த பயன் பாதி போய்விட்டது.

சங்கிலி இதோடு முடிந்துவிடவும் இல்லை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-இல் சபாவில் தலைகாட்டி, பிறகு தீபகற்பத்துக்கும் வந்தது. பண்ணைப் பன்றிகளோடு காட்டுப்பன்றிகளும் செத்தன. கன்றுகளுக்கு அது மூச்சுவிடும் நேரம். மற்றக் காடுகளில் பன்றியை நம்பியிருந்த புலிக்கும் ஓராங் அஸ்லி வேட்டைக்காரர்களுக்கும் அது பஞ்சம்.

காட்டை விட்டுத் தோட்டத்துக்குள் வருவோம். தோட்டத்தில் பழகியவர்களுக்குப் பைப்புழு தெரியாமல் இருக்காது. மலாயில் உலாட் புங்குஸ். காய்ந்த ஓலைத் துணுக்குகளால் ஒரு பை தைத்து அதற்குள் இருந்துகொண்டே ஓலையைத் தின்னும். 1950களின் பிற்பகுதியிலும் 60களின் தொடக்கத்திலும் மலாயாவின் செம்பனைத் தோட்டங்களில் அது தீ போலப் பரவியது. துரைமார்கள் செய்தது எல்லோரும் செய்வதைத்தான்: மருந்து. டிடிடி, டீல்ட்ரின் போன்ற எதையும் கொல்லும் நஞ்சுகள். புழு குறைந்தது, சில மாதத்தில் முன்னைவிட அதிகமாக வந்தது. மறுபடி மருந்து, மறுபடி புழு. பிரையன் வுட் என்ற பூச்சியியலாளர் இதை ஆராய்ந்தபோது, புழு மருந்தை மீறி வரவில்லை, மருந்தால்தான் வந்தது என்பது தெளிந்தது. பைக்குள் இருக்கும் புழுவை நஞ்சு அரைகுறையாகத் தொடும். அந்தப் புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகள் வெளியில் பறப்பவை. நஞ்சு பட்டதும் அவை மொத்தமாக விழுந்தன. மிஞ்சிய புழுவுக்கு எதிரி இல்லை. எதையும் கொல்லும் மருந்தை நிறுத்தி, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் புழுவைத் தேர்ந்து கொல்லும் மருந்துக்கு மாறியபோது குளவிகள் திரும்பின, புழுவும் அடங்கியது.

இதன் கணிதத்தை இத்தாலியரான வித்தோ வோல்தெரா 1926-இலேயே எழுதிவிட்டார். அவர் எடுத்துக்கொண்டது ஏட்ரியாட்டிக் கடல் மீன்கள். முதல் உலகப் போரில் மீன்பிடி குறைந்தபோது சுறா போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியிருந்தது. ஏன் என்று உயிரியலாளரான உம்பெர்த்தோ தன்கோனா கேட்டார். வோல்தெராவின் விடை: இரையையும் வேட்டையாடியையும் ஒருசேரக் கொன்றால் சராசரியில் இரைக்கே லாபம். போரால் மீன்பிடி குறைந்தபோது அந்த லாபம் வேட்டை மீன்களுக்குத் திரும்பியது. கடலில் வலை செய்ததைத் தோட்டத்தில் தெளிப்பான் செய்தது. சமன்பாடு ஒன்றுதான்.

மலாயாவில் பைப்புழு பரவிய அதே காலத்தில், 1961-இல், கார்டன் கான்வே என்ற இளம் பூச்சியியலாளர் சபாவின் கொக்கோ தோட்டங்களில் துணிந்து ஒரு காரியம் செய்தார். பூச்சிகள் கொக்கோவைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரத்தில், தெளிப்பதை நிறுத்துங்கள் என்றார். பட்டையைத் துளைக்கும் ஒரு புழு பக்கத்திலிருந்த திரேமா மரங்களில்தான் பெருகுகிறது என்று கண்டு, அந்த மரங்களை அகற்றச் சொன்னார். மற்றப் பூச்சிகள் பெரும்பாலும் தங்கள் எதிரிகளிடமே அடங்கின. பைப்புழு மட்டும் அடம்பிடித்தது. அதற்குத் தேர்ந்த மருந்து. கான்வே பின்னாளில் வேளாண்மையை ஓர் அமைப்பாகப் பார்க்கும் ஆய்வுமுறையின் முன்னோடிகளில் ஒருவரானார். அவருக்கு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது போர்னியோ மண் என்பது நமக்குச் சற்றுப் பெருமைதான். செம்பனைத் தோட்டச் சாலை ஓரங்களில் துர்னேராவும் கொடிரோஜாவும் வரிசையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு நட்டவை என்று எண்ண வேண்டாம். பைப்புழுவைக் கொல்லும் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று நட்டவை.

நம் முன்னோர் லயத்தில் வாழ்ந்த காலத்துக்குப் போனால் இதைவிட வலிமிகுந்த பாடம் கிடைக்கிறது. மலேரியாக் கிருமி கொசுவின் உடம்பில் வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் கண்டார்; நோயைப் பரப்புவது கொசுதான் என்பது அதன்பின் உறுதியானது. 1901-இல் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அந்த அறிவைக் கையிலெடுத்து, சதுப்பை வடித்து, புதரையும் காட்டையும் வெட்டி நகரைத் துப்புரவாக்கினார். காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. கரையோரத் தோட்டங்களிலும் அதே பலன். அப்படியானால் உள்நாட்டு மலையடித் தோட்டங்களிலும் காட்டை வெட்டு என்பதுதானே அடுத்த அடி? வெட்டினார்கள். காய்ச்சல் ஏறியது.

கரையோரத்தில் நோய் பரப்பிய கொசு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. வெயில் பட்டதும் அது அழிந்தது. மேட்டு நிலத்தில் இருந்தது வேறு இனம், அனோஃபிலிஸ் மாக்குலாத்துஸ். வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் அதற்கு வேண்டும். காட்டை வெட்டிப் பள்ளத்தாக்கு ஓடைகளைத் திறந்து விட்டதும் அதற்கு ராஜயோகம். ரப்பர் நடக் காடு திருத்திய தமிழர் கூட்டம் கூட்டமாகக் குளிர்காய்ச்சலில் விழுந்ததற்குப் பின்னால் இந்தச் சின்ன வேறுபாடு இருந்தது. வாட்சன் இதைக் கண்டறிந்ததும் வழியை மாற்றினார்: ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய்களில் ஓடவிட்டார், மற்ற இடங்களில் எண்ணெய் தெளிக்கச் செய்தார். தான் கண்டவற்றை 1911-இல் நூலாகவும் எழுதி வைத்தார்.

முப்பது ஆண்டு கழித்து, ஜப்பானியர் ஆட்சியில், சிங்கப்பூரிலிருந்து யுரேசியர்களையும் சீனக் கத்தோலிக்கர்களையும் கொண்டுவந்து பகாவில் காடு திருத்திக் குடியேறச் செய்தார்கள். 1943 கடைசியில் தொடங்கிய அந்தக் குடியேற்றத்துக்கு ஃபூஜி கிராமம் என்று பெயர். சிங்கப்பூரில் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களில் நூற்றுக்கணக்கானோரை மலேரியாவும் பசியும் கொண்டுபோயின. அவர்களோடு வந்த ஆயர் ஆட்ரியன் தெவாலும் 1945 தொடக்கத்தில் இறந்தார். பகாவ் என்றால் சிங்கப்பூர் யுரேசியக் குடும்பங்களில் இன்றும் வேறு அர்த்தம்.

ராஸ் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மருத்துவரான அவர் மலேரியாவுக்குச் சமன்பாடும் எழுதினார். கொசுவைக் கடைசி ஒன்று வரை ஒழிக்க வேண்டியதில்லை, ஆளுக்கு இத்தனை கொசு என்ற ஓர் எல்லைக்குக் கீழே கொண்டு வந்துவிட்டால் நோய் தானே அணையும் என்று அது காட்டியது. எல்லைக்குச் சற்று மேலே இருந்தால் தலைமுறை தலைமுறையாக நோய். சற்றுக் கீழே என்றால் சில ஆண்டுகளில் ஒன்றுமில்லை. பகாவ் இருக்கும் ஜெம்போல் வட்டாரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பெனாரிக்கான் பக்கம் முற்காலத்தில் படகைத் தரையில் இழுத்து ஓர் ஆற்றிலிருந்து மறு ஆற்றுக்குக் கொண்டுபோவார்கள். அந்தச் சிறு மேட்டுக்கு இப்பக்கம் விழும் மழைத்துளி ஜெம்போல் ஆற்றோடு மூவாரில் சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகும். அப்பக்கம் விழுவது செர்த்திங் ஆற்றோடு பகாங் வழியாகத் தென்சீனக் கடலுக்கு. இடைவெளி சில அடிதான். அமைப்பு அப்படிப்பட்ட ஒரு மேட்டின் உச்சியில் நிற்கும்போது ஒரு சின்னத் தள்ளல் போதும்; பள்ளத்தின் நடுவில் இருந்தால் எவ்வளவு தள்ளினாலும் உருண்டு பழைய இடத்துக்கே வரும். ஒரே முயற்சி ஓரிடத்தில் வீணாவதும் வேறிடத்தில் புரட்டிப் போடுவதும் இதனால்தான்.

நிப்பா நோய் இதற்கு நம் நெகிரி செம்பிலானே கொடுத்த சாட்சி. 1998-இல் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். கொசுவால் பரவும் நோய் என்பதால் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. பயந்துபோன பண்ணைக்காரர்கள் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட, லாரியேறிய பன்றிகளோடு நோயும் நெகிரி செம்பிலானுக்கு இறங்கியது. சிக்காமட், சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் என்று பரவிச் சிங்கப்பூர் அறுப்புக்கூடம் வரை எட்டியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. சீனப் பண்ணையாளர்களோடு அங்கே கூலி வேலை செய்த இந்தியர்களும் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

கிருமி பழவௌவாலிடமிருந்து வந்தது. இந்தோனேசியக் காட்டுத் தீயின் புகையால் விரட்டப்பட்ட வௌவால்கள் பண்ணைக்கு வந்தன என்ற கதை எங்கும் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கும் கதை. ஆனால் சான்றுகள் வேறு பக்கம் சாய்கின்றன. முதல் பாதிப்பு 1997 தொடக்கத்திலேயே, அந்தப் பெரும்புகைக்கு முன்பே, நிகழ்ந்திருக்கிறது. ஜூலியட் புல்லியம் குழுவினர் 2012-இல் வெளியிட்ட கணித மாதிரி கூர்மையான விடை தருகிறது. நோய் முதலில் தோன்றிய பெரும்பண்ணையில் பன்றிக் கொட்டிலை ஒட்டி மாமரங்கள் இருந்தன. வௌவால் கடித்த பழம் கொட்டிலில் விழும். முதல் முறை கிருமி நுழைந்தபோது மந்தை முழுதும் ஒரே வீச்சில் தொற்றி, தொற்ற ஆளில்லாமல் நோய் தானே அணைந்தது. இரண்டாம் முறை நுழைந்தபோது சில பன்றிகளுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது, புதிதாகப் பிறந்த குட்டிகளுக்கு இல்லை. நோய் மெல்ல மெல்ல எரிந்தது, அணையவே இல்லை, மனிதரைத் தொட அதற்கு நேரம் கிடைத்தது. பாதி எதிர்ப்புச் சக்தி மந்தையைக் காக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். இங்கே அதுவே நோயை வாழவைத்தது.

விலைவாசியும் இப்படித்தான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் வந்தது: பிரிட்டிஷ் மலாயாவும் இலங்கையும் ரப்பர் ஏற்றுமதியைக் குறைத்து விலையை உயர்த்தின. 1925-இல் விலை உச்சத்துக்குப் போனது. அந்த விலையைப் பார்த்து, திட்டத்தில் சேராத டச்சு இந்தியத் தீவுகளில் சிறு விவசாயிகள் ரப்பரை நட்டுத் தள்ளினார்கள். பால் வெட்ட ஐந்தாறு ஆண்டு ஆகும் மரம் அது. 1928-இல் திட்டம் கைவிடப்பட்டு, உலகப் பொருளாதாரமும் சரிந்த நேரத்தில் அந்தப் பால் எல்லாம் சந்தைக்கு வந்தது. கெடிஸ், செயிண்ட் ஹீலியர், கெல்பின், ஜெராம் பாடாங் என்று பகாவைச் சுற்றித் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் நிற்கும் தோட்டங்களை நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட தோட்டங்கள் நிறைந்த மலாயாவிலிருந்து 1930களின் தொடக்கத்தில் பல்லாயிரம் தமிழர்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையில் ஐந்தாறு ஆண்டு போய்விட்டால் ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துப் பார்ப்பது மனிதக் கண்ணுக்கு ஏறக்குறைய முடியாத காரியம்.

சரி, இதை எப்படிப் படிப்பது? மூன்று பிடிகள் உண்டு. முதலாவது, சலிக்காமல் எண்ணுவது. அந்த 50 ஹெக்டேர் கணக்கு இல்லாவிட்டால் கன்று குறைந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டாவது, வேலி போட்டு ஒப்பிடுவதுபோல அமைப்பின் ஒரு கண்ணியை மட்டும் அறுத்துப் பார்ப்பது. ஊரை வேலி போட்டு அடைக்க முடியாது, சந்தையை நிறுத்தி வைக்க முடியாது. அங்கே மூன்றாவது பிடியான மாதிரி உதவும். எளிய விதிகளைக் கணினிக்குக் கொடுத்து ஆயிரம் முறை ஓடவிட்டு, எந்த எண்ணை மாற்றினால் முடிவு புரள்கிறது என்று பார்ப்பார்கள். நாளை மறுநாள் நடப்பதைச் சொல்ல இந்த மாதிரிகளை நம்பக் கூடாது என்பது என் கருத்து. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று காட்டுவதுதான் அவற்றுக்குக் கைவந்த வேலை.

இதற்கென்றே 1984-இல் அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். இயற்பியலாளரும் பொருளியலாளரும் உயிரியலாளரும் ஒரே கூரையின் கீழ். இன்று அதன் அறிமுகப் பாடங்களை இணையத்தில் கட்டணமின்றியே படிக்கலாம். 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு சிக்கல் அமைப்புகளை ஆராய்ந்த மூவருக்குப் போனது: பருவநிலையை மாதிரியாக்கிய சியுகுரோ மானபே, கிளவுஸ் ஹாசல்மான், ஒழுங்கற்ற பொருள்களில் ஒளிந்த ஒழுங்கைக் கண்ட ஜார்ஜோ பரீசி. தமிழ்நாட்டிலும் இதற்குப் பலமான ஆட்கள் உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மு. லக்ஷ்மணன் வளர்த்த ஆய்வுக் குழுவிலிருந்து 1994-இல் வந்த முரளி–லக்ஷ்மணன்–சுவா மின்சுற்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது; மிக எளிய சுற்று, ஆனால் அதன் போக்கு கணிக்க முடியாதபடி குழம்பும். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் சீதாப்ர சின்ஹா சந்தை முதல் இதயத்துடிப்பு வரை ஆராய்கிறார். ஐ.ஐ.டி. சென்னையில் ஆர்.ஐ. சுஜித், எரிகலன்கள் எந்தக் கணத்தில் அதிர்ந்து உடையத் தொடங்குகின்றன என்பதை முன்கூட்டி உணரும் வழிகளைத் தேடுகிறார்.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கும் இது எட்டாத உயரமில்லை. கணிதத்தில் விருப்பம் இருந்தால் புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதுவதும் போதும், தொடங்கிவிடலாம். நெட்லோகோ என்று ஒரு மென்பொருள்; யூரி விலென்ஸ்கி 1999-இல் உருவாக்கியது, விலை கிடையாது, பள்ளிக் கணினியிலேயே ஓடும். அதோடு வரும் மாதிரித் தொகுப்பில் மின்மினிப் பூச்சி ஒன்று இருக்கிறது. கோலா சிலாங்கூர் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் மின்னி அணைவதைப் பார்த்தவர்கள் அதைத் திறந்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரே விதி: பக்கத்தில் இத்தனை பேர் மின்னினால் உன் கடிகாரத்தைத் திருத்திக்கொள். அந்த ‘இத்தனை’ என்ற எண்ணை ஒவ்வொன்றாக மாற்றி ஓடவிடுங்கள். எதில் கூட்டம் ஒன்றுபடுகிறது, எதில் கடைசி வரை ஆளுக்கொரு பக்கம் மின்னிக்கொண்டே இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பூச்சிகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கித் திரும்பவும் தொடங்குங்கள்.